நான்காம் பாகத்துக்கு ஆறரை மார்க்

அம்மாவுக்கு உன் மகளின் வணக்கம். நான் நன்றாக இருக்கிறேன். உன் முழங்கால் வலி இப்போது தேவலையா?

முதல் மூன்று பாகங்களையும் நீ, அப்பா, நான் மூவரும் சேர்ந்தே பார்த்த அந்தக் குடும்பப் படத்தின் நான்காம் பாகத்தை, லீவு நாளில் நானும் பார்த்துவிட்டேன். என்னோடு சலவைக்கூடத்தில் வேலை செய்யும் அக்கா துணைக்கு வந்தார்கள். படத்தில் மாமாவாக வந்த பழைய நடிகருக்குப் பதில் வேறொருவரை நடிக்க வைத்து, அதே மாமா என்கிறார்கள். அவர் வாயைத் திறந்ததுமே எனக்குப் பொறுக்கவில்லை. "சொந்த மாமாவைத் தொலைச்ச மாதிரி ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?" என்று அக்கா சிரித்தார்கள். பத்துக்கு என் மார்க் நான்குதான்.

நீங்கள் இருவரும் பார்த்துவிட்டதாகவும், வழக்கம்போல் டிக்கெட்டின் பின்னால் அப்பா ஆறரை போட்டதாகவும் எழுதியிருந்தாய். அதைப் படித்ததிலிருந்து வேலை ஓடவில்லை. நேற்று இஸ்திரி போடும்போது ஒரு சட்டையைத் தீய்த்துவிட்டேன். அரை மார்க் போடுவது நீதானே அம்மா? "நல்லாருக்கா இல்லையா, ஒன்னு சொல்லு" என்று ஒவ்வொரு முறையும் உன்னிடம் சண்டைக்கு வந்தவர் அப்பா.

மூன்று வாரமாக நான் எப்போது போன் செய்தாலும் அவர் குளிக்கிறார். அவ்வளவு குளிக்கிற ஆளா அவர்?

தலைவலித் தைலம் இரண்டு அனுப்பு. கூடவே அந்த டிக்கெட்டையும் வை. அப்பா பூஜ்யமே போடட்டும், ஆனால் அவர் கையால் போடட்டும்.

வேலைக்கு அழைத்துப்போகும் வண்டி வாசலில் ஹாரன் அடிக்கிறது. அம்மா, அவர் எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறார்?

உன் மகள்