விளக்கும் லைட்டும்

18.05.2009 திங்கள்
காலையிலேயே வெக்கை. ஆய்வுகூடத்தில் ஈயக் கட்டி சோதனை, மூன்றாம் கிழமை. கட்டிக்குள் நூல்போல பிளாஸ்டிக் இழைகள். வானத்துத் துகள் பாய்ந்தால் ஒரு பொட்டு நீல வெளிச்சம். அதைப் பிடிக்க ஒரு கண்ணாடிக் குழாய். எல்லாம் கறுத்த பெட்டிக்குள். குழாய்க்குக் கரண்ட் போகும்போது பெட்டியைத் திறந்தால் பகல் வெளிச்சமே அதைக் கெடுத்துவிடும்.

இன்று கெட்டது.

பெட்டியடியில் தவம் அண்ணன் (டெக்னீஷியன், காரைதீவு). "மிஸ், லைட் நிப்பாட்டியாச்சா?"
நான் கணினியை விட்டுத் தலை நிமிராமல், "ஓம், நிப்பாட்டிட்டன்."
அவர் கேட்டது குழாயின் கரண்டை; எங்கள் பக்கம் கரண்டுக்கும் பெயர் லைட்தான். நான் சொன்னது தலைக்கு மேலிருந்த பல்பை. யன்னல் சீலை விலகிக் கிடந்தது. திறந்தார்.

இரவல் வந்த குழாய். வேறு இல்லை.

19.05 செவ்வாய்
வீதியெல்லாம் வெடி, கொடி. யுத்தம் முடிந்ததாம். தவம் அண்ணனின் தம்பி வன்னியில். தை மாதத்திலிருந்து தகவல் இல்லை.
சேர் (ஆய்வுப் பொறுப்பாளர், கண்டிக்காரர்) யாரிடமோ: "அந்தாளுக்கு மனசு இங்க இல்ல. கொன்ட்ராக்ட் நீட்ட ஏலா."
கேட்டுக்கொண்டு நின்றேன். பாரை மீன் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

21.05 வியாழன்
நடந்ததை நானும் தவம் அண்ணனும் எழுதிக் கொடுக்கவேண்டும். நான் எழுதியது: "அறை விளக்கை அணைத்துவிட்டேன் என்று கூறினேன்."
விளக்காம்! சாய்ந்தமருதில் யார் அப்படிக் கதைக்கிறார்கள்? ஒரு சொல்லை மாற்றிப் பழியை அவர் தலையில் போட்டுவிட்டேன். வெட்கம் கெட்டவள்.

சுனாமியன்று உம்மாவும் நானும் ஈர உடுப்போடு ஓடியது அவர் வீட்டுக்கு. அவருடைய அம்மா உம்மாவுக்கு உடுத்தக் கொடுத்த பச்சைச் சேலை இன்னும் எங்கள் அலுமாரியில்.

22.05 வெள்ளி
அவர் எழுதியது ஒரே வரி: "மிஸ் சொன்னதை நான்தான் பிழையாக விளங்கினேன்." அவருக்கு வேலை போய்விட்டது.
மறக்கக்கூடாதவை: உம்மாவின் பிரஷர் குளிசை. கறுத்த டேப். காரைதீவு.

24.05 ஞாயிறு
சேலையை எடுத்துக்கொண்டு காரைதீவு போனேன். தவம் அண்ணன் இல்லை. தம்பியைத் தேடி வவுனியா முகாம்களுக்குப் போயிருக்கிறார். வேலை போனதை அவர் அம்மாவிடம் சொல்லவில்லை.
"லீவு குடுத்து உட்டீங்களாம். நீங்க நல்லா இரிக்கணும், மகள்."
தேத்தண்ணி தந்தார். உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். ஃபேன் நின்றது.
"லைட் போயிட்டு. கொஞ்சம் இரிங்க, வந்திரும்."
பட்டப்பகல். முற்றமெல்லாம் வெயில். அழுகையை அடக்க முடியவில்லை.

25.05 திங்கள்
சேரின் அறை. என் கடிதத்தைக் கேட்டு வாங்கி, 'அறை விளக்கை' வெட்டி, மேலே 'லைட்டை' என்று எழுதிக் கொடுத்தேன்.
சேர் பார்த்தார். "ரெண்டும் ஒன்னுதானே, மிஸ்?"