ஒரு பிடி புளியங்கொட்டை

ஊட்டமலை, ஒகேனக்கல்
வெள்ளிக்கிழமை

அன்பு மகள் ஜெயபிரியாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் சுகம், ஆற்றில் தண்ணீர் ஏறி ஒன்பது நாளாகப் பரிசல் ஓட்டத் தடை, அவர் வீட்டிலேயே உட்கார்ந்து என் உயிரை வாங்குவதைத் தவிர ஒரு குறையும் இல்லை. புனேயில் நீயும் சுகம்தானே என்று எழுத ஆசை, ஆனால் ஞாயிற்றுக்கிழமை போனில் உன் குரலைக் கேட்டதிலிருந்து மனசு சரியில்லை. நாவலுக்குத் தினம் ஆயிரம் வார்த்தை எழுத வேண்டும் என்று கட்டம் போட்டேன் அம்மா, பத்தொன்பது நாளும் எட்டாமல் சிவப்பாகவே கிடக்கிறது, இந்த நாவலே வேண்டாம், மாசக் கடைசியில் பதிப்பகத்துக்குச் சொல்லிவிடுவேன் என்றாயே, எனக்குச் சோறு இறங்கவில்லை கண்ணு.

அப்படி என்னதான் கஷ்டம் என்று நானும் இறங்கிப் பார்த்தேன், சிரிக்காதே. அப்பா சொல்லும் ஆற்றுக் கதைகளை உனக்காக ஒரு நோட்டில் எழுதினேன், தினம் நூறு வரி, வரிக்கு ஒரு புளியங்கொட்டை சொம்பில். மூன்றாம் நாளே திருட்டுத்தனம் வந்துவிட்டது. மழை பெய்தது என்று விட வேண்டியதை, பெய்தது, பெய்துகொண்டே இருந்தது, இன்னும் பெய்தது என்று இழுத்து, எழுத்தையும் பெரிசாக்கிச் சொம்பை நிரப்பினேன். மோர் வாங்க வந்த எதிர்வீட்டு ரோசம்மாள் படித்துவிட்டு, ஏக்கா, இவ்ளோ மழ பேஞ்சா ஏரியூரே மெதந்திருக்குமே என்று கேட்டாள், வெட்கம் பிடுங்கித் தின்றது. பிறகு அவள்தான் சொம்பைக் கவிழ்த்து, சின்ன வயசில் ஆடிய ஒற்றையா இரட்டையா விளையாட்டை ஆரம்பித்துவைத்தாள். கண்ணை மூடி ஒரு பிடி அள்ளுவேன், ஒற்றை வந்தால் ஆற்றைப் பற்றி, இரட்டை வந்தால் மனுஷரைப் பற்றி, கையில் எத்தனை கொட்டையோ அத்தனை வரி. நேற்று வந்தது ஏழு, எழுதியது இரண்டு பக்கம். முந்தாநாள் வந்தது இருபத்திரண்டு, நாலு வரியிலேயே கொட்டாவி, மீதிக் கொட்டையை வறுத்துத் தின்றுவிட்டோம். எண்ணிக்கை இருந்துவிட்டுப் போகட்டும் கண்ணு, அது உன்னை மிரட்ட வேண்டாம், உன்னோடு விளையாடட்டும்.

இன்னொன்று சொல்ல வேண்டும். போன தடவை நீ விட்டுப்போன நாவல் தாள்களை அப்பா எனக்குத் தெரியாமல் படித்திருக்கிறார். உன் எழுத்தைப் பற்றி வாயே திறக்காத மனுஷன், நேற்றுச் சாப்பிடும்போது, அந்த ரங்கம்மாள நம்ம பாப்பா நடு ஆத்துல சுழியிலயே வுட்டுட்டுப் போயிருச்சே, எப்பத்தான் கரைக்கு வருவா என்று கேட்டார். அது கதைதானேங்க என்றேன். கதையா இருந்தா என்ன, ஆள நடு ஆத்துல வுடுவாங்களா என்று கோபித்துக்கொண்டு பாதிச் சோற்றில் எழுந்துவிட்டார்.

புளியும் ராகி மாவும் பார்சலில் அனுப்பியிருக்கிறேன், கூடவே ஒரு டப்பா கொட்டையும். எத்தனை என்று நான் எண்ணவில்லை, நீயும் எண்ணாதே. நேரத்துக்குச் சாப்பிடு. காவேரித்தாய் உன் கூடவே இருந்து, எடுத்த காரியத்தை முடித்துத் தரட்டும். மாசக் கடைசிக்கு முன்னால் ஒரு பிடி அள்ளிப் பார், மறந்துவிடாதே.

உன்னையே நினைத்திருக்கும் அம்மா
பானுமதி

பின்குறிப்பு: அப்பா எழுதச் சொன்னது. சுழியோடு மல்லுக்கட்ட வேணாமாம், துடுப்பைத் தூக்கிக்கொண்டு இரண்டு சுற்று சும்மா சுற்றவிட்டால் பரிசல் தானாக ஒதுங்குமாம். ரங்கம்மாளிடம் சொல்லிவிடு.