உருளை நிற்க நாலு நொடி

மார்ச் 4, செவ்வாய்

புது மோட்டார் கன்ட்ரோலர் வந்து இறங்கிவிட்டது. பெட்டியின் நாலு பக்கமும் 'இந்தப் பக்கம் மேலே' என்று அம்புக்குறி போட்டிருந்தும், இறக்கியவர்கள் தலைகீழாக வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

நவம்பரிலிருந்து இரண்டாம் எண் இயந்திரம் ஓடவில்லை. ரப்பரை நசுக்கித் தாளாக இழுக்கும் இரட்டை உருளை. விசிலின் வலது கையில் மூன்று விரல்களை எடுத்துக்கொண்டது அதுதான். வேலை செய்யும்போது ஓயாமல் சீட்டியடிப்பான், அதனால் அவன் விசில். உருளைக்கு முன்னால் கம்பிவலைக் கதவு இருக்கிறது. திறந்தால் உருளை நிற்க வேண்டும். "திறந்தேன், நிக்கல" என்றான். கதவு சுவிட்சைத் தனியாகக் கழற்றிப் பார்த்த ஆய்வாளர், சுவிட்சில் கோளாறு இல்லை என்றார். அப்படியானால் கதவைத் திறக்காமல் மேலாகக் கையை விட்டிருக்கிறான் — 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று எழுதி மூடிவிட்டார்கள். பழைய கன்ட்ரோலரை எடுத்துவிட்டு, பாதுகாப்புச் சான்று பெற்ற புதியதைப் போட்டால்தான் இனி ஓட்டலாம். ஆலையின் எலக்ட்ரீஷியன் நான், போடுவது என் வேலை.

ஃபோர்மேன் வந்து, "எப்பம்மா முடியும்? அவசரம்" என்றார். நாங்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயரும் அதுதான். அவசரம்.

தம்பியும் வந்து பார்த்தான். என் கூடப்பிறந்தவன், அந்த இயந்திரத்தில் பகல் ஷிஃப்ட் அவனுடையது. இப்போது மூன்றாம் எண்ணில் நிற்கிறான். பெட்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தான். ஒன்றும் சொல்லாமல் போய்விட்டான். எதற்கும் ஒரு கேலி வைத்திருப்பவன்.

மார்ச் 5, புதன்

கையேட்டைப் படித்தேன். ஒரு விஷயத்தில் தூக்கிவாரிப் போட்டது. பாதுகாப்பு வயர்கள் வந்து சேரும் முனைகளில், பெட்டியிலிருந்து வரும்போதே ஒரு இணைப்புத் துண்டு மாட்டி அனுப்புகிறார்கள். ஓட்டிப் பார்ப்பதற்காம். அதைக் கழற்ற மறந்தால் கதவாவது சுவிட்சாவது, எல்லாம் அலங்காரம்தான். மோட்டார் பாட்டுக்கு ஓடும்.

கழற்றிவிட்டேன். சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கழற்றிவிட்டேனா என்று இன்னும் இரண்டு முறை போய்ப் பார்த்தேன்.

வீட்டில் என்னை மீட்டர் என்றுதான் கூப்பிடுவார் வீட்டுக்காரர். "அடுப்ப அணைச்சிட்டேன்னு சொன்னா நம்ப மாட்டா, மீட்டர் வச்சுப் பாப்பா." பார்ப்பேன். அதில் என்ன தப்பு?

மார்ச் 7, வெள்ளி

பழைய கன்ட்ரோலர் இருக்கும் பேனல் பெட்டியைப் பிரித்தேன்.

வயர் ஓடும் தொட்டியின் மூடியை எடுத்தால், கதவு சுவிட்சுக்குப் போகும் இரண்டு முனைகளுக்குக் குறுக்கே ஒரு துண்டு நீல வயர். ஷார்ட் போட்டிருக்கிறார்கள். கதவு திறந்தாலும் மூடினாலும் கன்ட்ரோலருக்கு அது மூடிய கதவுதான்.

விசில் பொய் சொல்லவில்லை.

விபத்துக்குப் பிறகு ஃபியூஸைப் பிடுங்கி வைத்ததோடு சரி, யாரும் ஓட்டிப் பார்க்கவே இல்லை. மூடியைத் திறக்கவும் இல்லை. துண்டை எடுத்துக் காகிதத்தில் சுற்றி வைத்துக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் போட்டவன் உஷாராகிவிடுவான்.

யார்? பேனலுக்கு இரண்டு சாவி. ஒன்று என் இடுப்பில். இன்னொன்று அவசரத்தின் மேஜை டிராயரில்.

மார்ச் 10, திங்கள்

புது கன்ட்ரோலரைப் பொருத்தியாயிற்று. கதவு சுவிட்சிலிருந்து இரண்டு தடம், தனித்தனி வயர். ஒன்று ஏமாற்றினாலும் மற்றொன்று நிறுத்தும்.

மாலையில் ஓட்டிப் பார்த்தேன். கதவைத் திறந்தேன், மோட்டாருக்குப் போகும் மின்சாரம் அறுந்தது. உருளை நிற்கவில்லை! தன் கனத்தில் சுற்றிக்கொண்டே இருந்தது. கடிகாரம் வைத்துப் பார்த்தால் நாலு நொடி. கதவைத் திறந்து கையை உள்ளே விட ஒரு நொடி போதும். ஆகவே முதலில் பிரேக் போட்டு நிறுத்தி, அப்புறம் மின்சாரத்தை அறுக்கும்படி மாற்ற வேண்டும். உருளை நிற்கும்வரை கதவைத் திறக்க விடாத பூட்டும் வேண்டும். எழுதிக் கொடுத்தேன்.

அவசரம், "சான்று வாங்கின சாமான்தானே? அப்புறம் என்ன?" என்றார்.

சான்று கன்ட்ரோலருக்கு. உருளைக்கு யார் கொடுத்தது? இதைச் சொன்னபோது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. மடியில் கனமில்லாவிட்டால் எதற்குக் கண்ணைத் திருப்ப வேண்டும்?

வரும் வழியில் நகப்பூச்சு வாங்கினேன், சிவப்பு. வாழ்நாளில் முதல் தடவை. கடைக்காரப் பெண், "கல்யாணத்துக்காக்கா?" என்றாள். ஆமாம் என்றேன்.

மார்ச் 11, செவ்வாய்

பேனல் கதவின் இடுக்கில் நகப்பூச்சால் ஒரு பொட்டு. தொட்டி மூடியின் விளிம்பில் ஒரு பொட்டு. யார் திறந்தாலும் விரிசல் காட்டிக்கொடுத்துவிடும்.

மார்ச் 12, புதன்

விரிசல். இரண்டிலும்.

மார்ச் 13, வியாழன்

நேற்றே உள்ளே முழுக்கப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு திருகும், ஒவ்வொரு வயரும். யாரும் எதையும் தொட்டதாகத் தெரியவில்லை. பிறகு எதற்குத் திறந்தான்? இடம் பார்த்து வைக்கிறானா? ஓட்டம் ஆரம்பித்ததும் போடுவதற்கு?

மறுபடி பொட்டு வைத்தேன். இன்றும் விரிசல். மதியச் சாப்பாட்டு நேரத்தில்தான் நடக்கிறது.

அவசரத்திடம் நேராகவே கேட்டேன். "நானா? மூடி திறந்த சுவிட்சு பக்கம்கூட நிக்க மாட்டேன்மா. ஷாக்குன்னா எனக்கு உசிரே போயிடும்" என்றார். டிராயரைப் பூட்டுவதுண்டா என்றேன். "அதுக்கெல்லாம் நேரம் எங்கம்மா இருக்கு?"

அப்படியானால் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம்.

வீட்டுக்கு வந்து அந்த நீலத் துண்டை எடுத்து விளக்கின் கீழே வைத்துப் பார்த்தேன். எலக்ட்ரீஷியன் போட்டதில்லை. கட்டர் பட்ட வெட்டு இல்லை. இரண்டு முனையிலும் உறை நசுங்கி, இழுத்துப் பிய்த்த மாதிரி.

பல்லால் உரித்தது.

எனக்குத் தெரிந்து பல்லால் வயர் உரிப்பவன் ஒருத்தன்தான். அதற்காக எத்தனை தடவை என்னிடம் தலையில் குட்டு வாங்கியிருக்கிறான்.

இருக்காது. பல் எல்லோருக்கும்தான் இருக்கிறது.

மார்ச் 14, வெள்ளி

சாப்பாட்டு மணி அடித்ததும் எல்லோரோடும் போவதுபோல் போய், பின்வாசல் வழியாகத் திரும்பி வந்து மூலப்பொருள் மூட்டைகளுக்குப் பின்னால் நின்றேன். நாற்பத்திரண்டு வயதில் மூட்டைக்குப் பின்னால் ஒளிந்து நிற்கிறேன், என் பிழைப்பைப் பார்!

அவன்தான், என் தம்பி.

சாவியோடு வந்தான். மெயின் சுவிட்சை இறக்கினான். பேனலைத் திறந்தான், தொட்டி மூடியை எடுத்தான், குனிந்து டார்ச் அடித்து ஒவ்வொரு முனையாக விரலால் எண்ணினான். நான் பாய்ந்து போய்ச் சட்டையைப் பிடித்துவிட்டேன்.

"மறுபடியும் போடப் போறியாடா? ஒருத்தன் கை போனது போதாதா?"

டார்ச் கீழே விழுந்தது. "போடலக்கா. யாராவது போட்டிருக்காங்களான்னு பாக்கறேன். தினமும் பாக்கறேன்."

அப்படியே தரையில் உட்கார்ந்தான். நானும் உட்கார்ந்தேன். அவன் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன், பிறகு நான் மாற்றி நினைக்காமல் இருக்க.

நவம்பரில், விபத்துக்கு இரண்டு நாள் முன்பு, செவ்வாய்க்கிழமை, கதவு ஆடி ஆடி இயந்திரம் பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் நின்றதாம். அவசரம் வந்து, எப்படியாவது ஓட்டு என்றாராம். "வயரப் போடுன்னு அவர் சொல்லலக்கா. அது நானாப் பண்ணதுதான். சாயங்காலம் எடுத்துடலாம்னு நினைச்சேன், மறந்துட்டேன்." வியாழக்கிழமை குழந்தைக்குக் காய்ச்சல் என்று லீவு போட்டான். அவன் இடத்தில் விசில்.

"நடுவுல புதன்கிழமை இருந்துச்சேடா! அன்னிக்காவது எடுத்திருக்கலாமே பாவி!" என்றேன்.

என்னையே பார்த்தான். "புதன்கிழமை நீ மாசச் சோதனைக்கு வந்தியேக்கா. கதவைத் திறந்து பாப்ப, கண்டுபிடிச்சு என்னக் கொன்னுடுவன்னு பயந்துகிட்டே நின்னேன். நீ ஒண்ணும் சொல்லல. தாள்ல கையெழுத்து போட்டுட்டுப் போயிட்ட. சரி, அக்கா எனக்காகச் சத்தமில்லாம எடுத்துட்டான்னு நினைச்சுகிட்டேன்."

மார்ச் 14, சாயங்காலம்

ஃபைலை எடுத்துப் பார்த்தேன். நவம்பர் மாதச் சோதனை. அவசர நிறுத்தப் பொத்தான் — சரி. கதவு சுவிட்ச் — சரி. கீழே என் கையெழுத்து, தெளிவாக, அழகாக.

திறந்தேனா அந்தக் கதவை? அவசரம் பின்னாலேயே நின்று மணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிவப்புப் பொத்தானை அழுத்தினேன், நின்றது. அது நன்றாக ஞாபகம் இருக்கிறது. கதவு...

திறக்கல. திறந்திருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும். மறுநாள் விசில் கை போயிருக்காது. ஊரையெல்லாம் சந்தேகப்பட்டேன். தன் முதுகு தனக்குத் தெரியாதுன்னு சும்மாவா சொன்னாங்க.

மார்ச் 15, சனி

சாப்பிடவில்லை. வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர், "தம்பி பேர மட்டும் சொல்லி உன் பேர விட்டுடலாம். இல்ல ரெண்டு பேரையும் விட்டுடலாம். ரெண்டுமே உன்னால முடியாது, எனக்குத் தெரியும்" என்றார்.

மார்ச் 16, ஞாயிறு

விசில் வீட்டுக்குப் போனோம், நானும் தம்பியும். மாடியில் ஒற்றை அறை. அவன் மனைவி நாற்காலி போட்டாள். துண்டு வயரை மேஜையில் வைத்தேன். தம்பி அவன் பங்கைச் சொன்னான், நான் என் பங்கைச் சொன்னேன். ஆக மொத்தம் ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

விசில் கத்துவான் என்று நினைத்தேன். அடிப்பான் என்றுகூட நினைத்தேன். இடது கையால் அந்த வயரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"நாலு மாசமா எல்லாரும் சொல்லிச் சொல்லி, நான் கதவைத் திறக்கவே இல்லன்னு நானே நம்ப ஆரம்பிச்சுட்டேன்" என்றான். "கண்ண மூடுனா நான் கதவுக்கு மேல கைய விடற மாதிரியே தெரியுது. திறந்தேன் இல்ல? நான் திறந்தேன்."

"திறந்தீங்கண்ணே" என்றான் தம்பி. அழுதான்.

கிளம்பினோம். வாசல்வரை வந்த அவன் மனைவி "போயிட்டு வாங்க" என்று சொல்லவில்லை. "போங்க" என்றாள்.

மார்ச் 17, திங்கள்

மேலாளரிடம் எழுத்தில் கொடுத்தோம். என் தாள் ஒன்றரைப் பக்கம், தம்பியுடையது ஒன்பது வரி. அவசரத்தைக் கூப்பிட்டுக் கேட்டபோது, "ஓட்டுன்னுதான் சொன்னேன், எப்படின்னு சொல்லலயே" என்றார். உண்மைதான். அதுதான் சிக்கலே.

ஏப்ரல் 9, புதன்

விசாரணை முடிந்தது. 'கவனக்குறைவு' என்ற வரியை அடித்துவிட்டு, விசில் கதவைத் திறந்தது உண்மை என்று எழுதியிருக்கிறார்கள். அந்தப் பக்கத்தின் நகலை மேலாளரே கொண்டுபோய் அவனிடம் கொடுத்தாராம். தம்பி இனி இயந்திரம் தொடக் கூடாது, பொதி கட்டும் பிரிவுக்குப் போகிறான். அவசரத்துக்கு எச்சரிக்கைக் கடிதம், வேறு கட்டடம். சோதனைத் தாளில் கையெழுத்திடும் உரிமை எனக்கு ஒரு வருஷத்துக்கு இல்லை. வயர் இழுக்கலாம், திருகு முடுக்கலாம், பார்ப்பது வேறொருவர்.

தண்டனை குறைவுதான். வாங்கிக்கொண்டேன்.

ஏப்ரல் 21, திங்கள்

கதவுப் பூட்டும் பிரேக்கும் வந்து, பொருத்தி முடித்து, இன்று முதல் ஓட்டம். வெளியிலிருந்து வந்த பொறியாளர் சோதித்தார். ஒரு தடத்தின் வயரை வேண்டுமென்றே கழற்றினார்: நின்றது, மறுபடி கிளம்ப மறுத்தது. மற்ற தடம்: அப்படியே. நான் தள்ளி நின்று பார்த்தேன்.

விசில் வந்திருந்தான். அனுமதி கேட்டு வாங்கிக்கொண்டு வந்தானாம். "நான் பாக்கலாமா?" என்று பொறியாளரிடம் கேட்டான். இடது கையால் பொத்தானை அழுத்தினான். உருளை பிரேக் பிடித்து ஒரு நொடிக்குள் நின்றது. அப்புறம்தான் பூட்டு விட்டது. கதவைத் திறந்தான். உள்ளே கை விடவில்லை, அசையாமல் நின்று உருளையையே பார்த்தான். மூடினான். "இன்னொரு தடவை."

பதினோரு தடவை. யாரும் மணியைப் பார்க்கவில்லை.

மே 2, வெள்ளி

தினசரிக் கதவுச் சோதனைக்கு விசிலைப் போட்டிருக்கிறார்கள். என்னைக் கண்டால் தலையசைக்கிறான். தம்பியைக் கண்டால் அதுவும் இல்லை.

மே 12, திங்கள்

காலை ஷிஃப்ட் பேருந்தில் வழக்கம்போலக் கூட்டம். எனக்கு முன்பக்கம் இடம் கிடைத்தது. விசில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான், பக்கத்து இருக்கையில் அவன் பை. பத்து நாளாகப் பார்க்கிறேன். பை உட்கார்ந்து வரும், தம்பி அதன் பக்கத்திலேயே நின்றுகொண்டு வருவான். வேறு இடத்துக்கும் நகர மாட்டான்.

இன்று பாலம் தாண்டியதும் விசில் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். முகம் ஜன்னல் பக்கமே இருந்தது.

தம்பி என்னைப் பார்த்தான். நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பினால், இருக்கையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான்.