ஆடியில் எழுதின பத்திரம்

22 ஜூலை 91, திங்கள்

காலையில் தூறல். எட்டு மணிக்கே சுள்ளென்று வெயில். அப்புறம் ஆடிக் காத்து. காயப்போட்ட பாவாடை பறந்து கோபால் சார் வீட்டு முருங்கை மேல்.

இன்றைக்கு: அஞ்சாம் கிளாஸ் கணக்குத் தாள் திருத்த. ரேஷனில் பாமாயில். ஆடு.

ஆடு முடிந்தது. தாள் முடியவில்லை. பாமாயில் வரவில்லையாம்.

ஒரு வாரமாகப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். மல்லிகை நகர் பார்க்கில் எங்கள் குடியிருப்போர் சங்கம் நட்ட வேப்பங்கன்று பதினொண்ணு. மிச்சம் மூணு. இன்று ஸ்கூல் விட்டு வரும்போது பார்க்கிறேன், நாலு ஆடும் அந்த மூணையும் சுற்றி நிற்கிறது. கோபால் சாரைக் கூப்பிட்டேன் (சங்கத்துப் பொருளாளர், போஸ்ட் ஆபீஸ் ரிட்டயர்டு). கயிறு எடுத்து வருகிறேன் என்று போனவர் போனவர்தான். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நானே நாலையும் ஓட்டிக்கொண்டு போய்ப் பேரூராட்சி ஆபீஸுக்குப் பின்னால் இருக்கிற ஆடுமாடு பவுண்டில் அடைத்தேன். வழியெல்லாம் வேடிக்கை. டீக்கடையில் ஒருத்தன், "இன்னா டீச்சர், புது அட்மிஷனா?"

புகார் எழுதிக் கையெழுத்தும் போட்டாச்சு. ஆட்டுக்காரர் யாரோ, அபராதம் கட்டி ஓட்டிக்கொண்டு போகட்டும்.

இவர் ஷிப்ட் முடிந்து வந்து விழுந்து விழுந்து சிரித்தார். ஆனாலும் என் காலைப் பார்த்து வெந்நீர் போட்டுக் கொடுத்தார். ஆம்பளைகள் எல்லாரும் ஷிப்ட், ஓ.டி. என்று ஓடுவதால்தான் நான் சங்கத்துச் செயலாளர். வேறு தகுதி எதுவும் கிடையாது.

24 ஜூலை, புதன்

அரை நாள் லீவு. பேரூராட்சி ஆபீஸ். சங்கத்து மனு:

1. பார்க்கைச் சுற்றி முள்கம்பி வேலி
2. இரும்பு கேட், பூட்டு
3. சறுக்கு மரம், ஊஞ்சல்
4. "வெளியாட்கள் நுழையக் கூடாது" போர்டு

செயல் அலுவலர் நல்ல மனுஷன். உட்காரச் சொன்னார். மனுவைப் படித்துவிட்டு, "எல்லாம் செய்யலாம் டீச்சர். தானப் பத்திர நகல் இருக்கா?"

"என்ன பத்திரம் சார்?"

லேஅவுட் போட்டவர் பார்க்குக்கு விட்ட இடத்தைப் பேரூராட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுக்க வேண்டுமாம். அப்போதுதான் அது பார்க். இல்லாவிட்டால் வெறும் காலி மனை. எங்கள் பார்க் அவர்களுடைய சொத்துப் பதிவேட்டிலேயே இல்லை.

ஏழு வருஷமாக அதைப் பார்க் என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம். மனை வாங்கும்போது காட்டின படத்தில் அந்த மூலைக்குப் பச்சைக் கலர் அடித்திருந்தது. அதைப் பார்த்துத்தான் என் வளையலை விற்றேன்.

லேஅவுட் போட்ட ஏஜென்ட் செத்து இரண்டு வருஷம் ஆகிறது. யாரைப் போய்க் கேட்க?

பில் கலெக்டர் தாமஸ் (வீட்டு வரி வாங்க வருவாரே, அவர்) வாசல்வரை வந்து, "கவலைப்படாதீங்க டீச்சர், பட்டா யார் பேர்ல நிக்குதுன்னு தேடிப் பார்க்கறேன்" என்றார். அவர் வேலையே இல்லை அது. நல்லா இருக்கணும்.

25 ஜூலை, வியாழன்

தாமஸ் சாயங்காலம் வீட்டுக்கே வந்தார். தலையெல்லாம் ஒட்டடை. காபி கொடுத்தேன், குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே சிரிக்கிறார்.

"டீச்சர், உக்காந்துக்கோங்க."

ஏஜென்ட் நிலத்தை வாங்கவே இல்லை. நிலக்காரரிடம் விற்றுக் கொடுக்கிற பவர் பத்திரம் மட்டும் எழுதி வாங்கி, அதை வைத்து மனை மனையாக எங்களுக்கு விற்றிருக்கிறார். பார்க்கை யாருக்கும் எழுதவில்லை. ஆள் போனதோடு பவரும் போச்சு. அந்த மூலை இன்னும் பழைய நிலக்காரர் பேரில்தான். கன்னியம்மாள், பிள்ளைப்பாக்கம்.

"சரி, இதுல சிரிக்க என்ன இருக்கு?"

பவுண்டு ரசீது நகலை நீட்டினார். ஆடு நாலு. உரிமையாளர்: கன்னியம்மாள், பிள்ளைப்பாக்கம்.

"அவங்க எடத்துல மேஞ்ச அவங்க ஆட்டைப் புடிச்சு அடைச்சிருக்கீங்க டீச்சர்."

பூமி பிளக்கவில்லை. பிளந்திருந்தால் தேவலை. அந்த அம்மா அபராதம் கட்டி ஓட்டிக்கொண்டு போனதாம்.

26 ஜூலை, ஆடி வெள்ளி

அம்மன் கோயில் மைக் காலை நாலரைக்கே. கூழ் ஊற்றினார்கள். நான் போகவில்லை, மனசு சரியில்லை. பக்கத்து வீட்டில் ஒரு சொம்பு கொண்டுவந்து கொடுத்தார்கள். நல்ல புளிப்பு.

சாயங்காலம் சங்கக் கூட்டம் எங்கள் வீட்டு வராந்தாவில். பதினாலு பேர். காபிக்குப் பால் போதவில்லை.

கோபால் சார் சொன்னது: "முழு நிலத்துக்கும் அந்தம்மா அன்னைக்கே பணம் வாங்கியாச்சு. பேர் மட்டும்தான் மாறல. அதுவும் அதுக்குத் தெரியாது. தெருக்குழாய்க்கு மனுன்னு சொல்லி ரேகை வாங்கிட்டா வேலை முடிஞ்சுது. எதுக்கு ஊரைக் கூட்டணும்?"

பாதிப் பேர் தலையாட்டினார்கள். அதில் ஒருத்தர்: "மெட்ராஸ் புரோக்கருங்க வேற சுத்தறானுங்க. ஒரகடம் பக்கம் கம்பெனி வரப்போவுதாம். ஒருத்தன் மோப்பம் புடிச்சான்னா பார்க் காலி."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "ஆட்டைப் புடிச்சது போதாதா, ஆளையும் ஏமாத்தணுமா? நான் பிள்ளைங்களுக்கு என்னத்தைச் சொல்லிக் குடுக்கறது?" என்று கத்திவிட்டேன். கொஞ்சம் அதிகமாகவே. கோபால் சார் செருப்பைத் தேடிக்கொண்டு கிளம்பிவிட்டார். ஒரு செருப்பு இங்கேயே கிடக்கிறது.

கத்திவிட்டு உள்ளே வந்து பயந்துபோய் உட்கார்ந்தேன். நான் போய்ச் சொல்லி, அந்த அம்மா விற்றுவிட்டால்? நாப்பது வீட்டுப் பிள்ளைகளும் ரோட்டில்தான் விளையாட வேண்டும். கல்லு லாரி போகிற ரோடு. ஒரு உண்மை வார்த்தைக்கு ஆசைப்பட்டு எல்லாருக்கும் கெடுதல் பண்ணுகிறேனோ.

இவரிடம் கேட்டேன். "ஞாயித்துக்கிழமை எனக்கு லீவு. வண்டியில கூட்டிட்டுப் போறேன்" என்றார். இந்த மனுஷனைக் கொடுத்ததற்குக் கடவுளுக்கு எத்தனை தடவை நன்றி சொன்னாலும் போதாது.

28 ஜூலை, ஞாயிறு

பிள்ளைப்பாக்கம் போய் வந்தோம். செம்மண் தூசி தலை முதல் கால் வரை.

ஷீட் போட்ட வீடு. கன்னியம்மா கம்பெனி காம்பவுண்டு கட்டுகிற இடத்தில் சித்தாள் வேலை. ஞாயிறு என்பதால் வீட்டில். அம்பது வயசு இருக்கும். ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததுமே அடையாளம் தெரிந்துவிட்டது.

"நீதான ஆட்டப் புட்ச்சினு போன டீச்சரு? இன்னா, இன்னொரு வாட்டி ஓட்டினு போவ வந்தியா?"

உட்காரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். பவர், பட்டா, பார்க், இன்றைக்கு என்ன விலை போகும் என்பது முதற்கொண்டு. ஒரு தடவை சொன்னேன், இன்னொரு தடவை சொல்லச் சொன்னது. மூணாவது தடவை உள்ளேயிருந்து மருமகளைக் கூப்பிட்டு அவள் எதிரிலும் சொல்லச் சொன்னது. அப்புறம்தான் தண்ணி வந்தது, பாய் வந்தது.

"எல்லாத்தையும் வித்துட்டோம்னு நென்ச்சினு கீறேன். அந்த மூல இன்னும் எம் பேர்லியா கீது?"

"ஆமாங்க."

"அப்போ என் எடத்துல மேஞ்ச என் ஆட்ட இன்னாத்துக்கும்மா புட்ச்சினு போன?"

"தப்புதாங்க. தெரியாம பண்ணிட்டேன்."

திடீரென்று சிரிப்பு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறது. மருமகளும் சிரிக்கிறாள். இவரும் சேர்ந்துகொண்டார், துரோகி. நான் மட்டும் அழாத குறை.

அப்புறம் பார்க்கைத் தானமாக எழுதித் தர முடியுமா என்று கேட்டேன். சிரிப்பு நின்றுபோச்சு. "ரோசன பண்ணி சொல்றேன். இப்ப போ."

வாசலில் ஒரு முறம் வேர்க்கடலை கொடுத்தனுப்பியது. கொடுக்கிற கையா, முடியாது என்று சொல்கிற கையா, தெரியவில்லை.

30 ஜூலை, செவ்வாய்

புழுக்கம். மழை வருகிற மாதிரி வந்து போச்சு. ஸ்கூலில் சத்துணவுக்கு முட்டை வரவில்லை.

காலையில் ஒரு வெள்ளை அம்பாசடர் பிள்ளைப்பாக்கம் போனதாம். புரோக்கர். கன்னியம்மா வீட்டு வாசலில் அரை மணி நேரம் நின்றதாம். தாமஸ் பார்த்ததாகச் சொன்னார்.

தெருவில் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. குழாயடியில், நான் வருவது தெரிந்தே ஒருத்தி: "அரிச்சந்திரன் தங்கச்சி வந்துட்டாங்க, வழி விடுங்க."

கோபால் சார் மனைவி மட்டும் என் குடத்தை வாங்கி முதலில் வைத்தாள். "அவர் கெடக்கறார் டீச்சர். நீங்க செஞ்சது சரி." அவளுக்கு என்ன கைம்மாறு செய்வேன். குடம் நிரம்பினதே தெரியாமல் நின்றேன்.

எங்கள் பாப்பா ரோட்டில் பாண்டி விளையாடிக்கொண்டிருந்தாள். லாரி வந்தது. கூப்பிட்டு உள்ளே உட்கார வைத்தேன். அவளுக்குக் கோபம்.

1 ஆகஸ்ட், வியாழன்

மதியம் சாப்பாட்டு மணி அடித்து, தட்டு போடும் நேரம். ஸ்கூல் கேட்டில் கன்னியம்மா. தலையில் சும்மாடு அப்படியே. வேலையிலிருந்து நேரே வந்திருக்கிறது.

"டீச்சரம்மா, எழுதிக் குட்த்துடறேன்."

எனக்குக் காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. கையிலிருந்த சாம்பார்க் கரண்டியோடு நிற்கிறேன்.

"ஆனா ஒண்ணு. எங்க ஊரு புள்ளிங்களும் வரும், ஆடும். தொரத்தக்கூடாது. கேட்டு போடு, வோணான்னு சொல்லல. பூட்டு போடக்கூடாது. அத்த பத்தரத்துலயே எழுதணும்."

மனுவில் நான் எழுதின நாலாவது அயிட்டம் ஞாபகம் வந்து கூசிப்போச்சு. "எழுதறோங்க. நானே சொல்லி எழுத வைக்கிறேன்."

"புரோக்கர் வந்தானே?" என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

"வந்தான். போய்ட்டான்."

"ஏங்க குடுக்கறீங்க?"

"ரொம்ப கேக்காத, அப்பறம் மன்சு மாறிடும்" என்று சொல்லிச் சிரித்தது. சாப்பிடச் சொன்னேன். பிள்ளைகளோடு வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டது. இரண்டாம் தடவை சாம்பார் கேட்டது.

சாயங்காலம் கோபால் சார் ஓடி வந்தார், மறந்துபோன செருப்புக்கும் சேர்த்து. சந்தோஷம்தான், ஆனால் அடுத்த கவலை. "ஆடி மாசத்துல பத்திரம் பண்ணுவாங்களா? ஆவணி பொறக்கட்டும், நல்ல நாளாப் பார்த்து..."

ஆவணிக்கு இன்னும் பதினாறு நாள். அதற்குள் எத்தனை அம்பாசடர் வருமோ. தாமஸை விட்டு கன்னியம்மாவிடமே கேட்டு வரச் சொன்னேன். வந்த பதில்: "ஆடில வாங்கக்கூடாதுன்னு சொல்வாங்க. குடுக்கக்கூடாதுன்னு எவனாச்சும் சொல்லிக்கீறானா?"

கோபால் சாரும் ஒப்புக்கொண்டார். நாளைக்கே.

எடுத்து வைக்க: பட்டா நகல். லேஅவுட் படம். ரேஷன் கார்டு (கன்னியம்மாவுடையது, ஞாபகப்படுத்த). லீவு லெட்டர். வெற்றிலை பாக்கு, பூ, ஒரு புடவை. புடவை இவர் எடுத்து வந்தார், மாம்பழக் கலர். ஆம்பளை எடுத்ததில் இவ்வளவு நல்ல கலர் நான் பார்த்ததில்லை.

2 ஆகஸ்ட், வெள்ளி

சப் ரிஜிஸ்தர் ஆபீஸ். ஆடி என்பதால் ஈ காக்கை இல்லை. பத்திரம் எழுதுகிறவர் தூங்கி வழிந்துகொண்டிருந்தார், எங்களைப் பார்த்து எழுந்து முகம் கழுவி வந்தார். செயல் அலுவலர் தானே நேரில் வந்திருந்தார், வாங்கிக்கொள்கிறவர் கையெழுத்துக்கு. தாமஸ், கோபால் சார், நான். பதினோரு மணிக்கு எல்லாம் தயார்.

கன்னியம்மா பத்திரத்தை இரண்டு தடவை படிக்கச் சொன்னது. "அனைத்துப் பொதுமக்களும் தடையின்றி" என்ற இடத்தில், "அதுல எங்க ஊரு வருமா?" செயல் அலுவலர், "எல்லா ஊரும் வரும்மா" என்றார். "இல்ல, எங்க ஊரு பேர போடு." போட்டார்கள். மல்லிகை நகர் மற்றும் பிள்ளைப்பாக்கம் உள்ளிட்ட. தாமஸ் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

சப் ரிஜிஸ்தர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு கன்னியம்மாவைப் பார்த்தார். "யாராவது கட்டாயப்படுத்தினாங்களாம்மா?"

"இல்ல சார்."

"இன்னைக்கு இந்த எடம் என்ன வெலை போவும்னு தெரியுமா?"

"தெரியும் சார்."

"தெரிஞ்சுமா சும்மா குடுக்கறீங்க?"

கன்னியம்மா என் பக்கம் கையைக் காட்டியது. "இந்த டீச்சரு வூட்டாண்ட வந்து சொல்லிச்சு சார். எம் பேர்ல கீது, இத்தினி வெல போவும்னு அதுவே சொல்லிச்சு. வாய மூடினு ரேக வாங்கியிருந்தா எனக்கு இன்னா தெரியப்போவுது? நான் பொறந்ததுலேர்ந்து காயிதம் தூக்கினு வந்தவன் ஒருத்தனும் உள்ள இன்னா கீதுன்னு எனக்கு சொன்னதில்ல. இது சொல்லிச்சு. அதான் குடுக்கறேன்."

கோபால் சார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கன்னியம்மா கட்டை விரலை மையில் ஒற்றி, ஒவ்வொரு பக்கத்திலும் அழுத்தி வைத்தது.

அப்புறம் சாட்சிக் கையெழுத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள். பேனா கையில் இருக்கிறது, பத்திரம் எதிரில் இருக்கிறது, எழுத்து ஒன்றும் தெரியவில்லை, எல்லாம் கலங்கிக் கிடக்கிறது. பத்திரம் எழுதுகிறவர் விரலை வைத்துக் காட்டினார், "இங்க டீச்சர், இங்க."