பகவதியம்மா, அடுத்த அடி

சிவமயம்

நாகர்கோவில்,
2-11-1955

அன்புள்ள வடிவாம்பாளுக்குப் பகவதி எழுதுவது.

நலம் என்று எழுதினால் நீ சிரிப்பாய். அதனால் இருக்கிறேன் என்று மட்டும் எழுதுகிறேன். நீ பஸ்ஸில் கொடுத்துவிட்ட நேந்திரங்காய் வற்றலைப் பக்கத்துக் கட்டில் அம்மிணிதான் தின்றாள். எனக்கு எதை விழுங்கினாலும் இருமல். க்ஷய ஆஸ்பத்திரிக்கு வற்றல் அனுப்பிய புத்திசாலி நீ ஒருத்திதான். ஆவணியில் வந்து போனவள், பிறகு எட்டிப் பார்க்கவே இல்லை. கைப்பிள்ளைக்காரி இங்கே வரக்கூடாது என்று உன் மாமியார் சொல்லியிருப்பாள். அவள் சொல்வதும் நியாயம்தான், ஆனாலும் எனக்கு வருத்தம்.

பேப்பரில் பார்த்தேன். நம் கோலப்பப் புலவர் பதிமூன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஊர் வி.ஜே.டி. ஹாலில் பாடுகிறாராம். அவர் எழுதிய நாடகப் பாட்டு ஒன்றுவிடாமல் நமக்குத் தெரியும். ஆளை மட்டும் பார்த்ததில்லை. கொட்டகைக்குப் பெண்பிள்ளைகள் போகக்கூடாது என்று உன் சித்தி வீட்டு மச்சில் நின்று கேட்டோம். இனி நான் எங்கே பார்க்க? எனக்கும் சேர்த்து நீ போய்ப் பார். இத்துடன் ஒரு துண்டுச் சீட்டு வைத்திருக்கிறேன். ‘கரை தாண்டிப் போனவளே, கதவின்னும் சாத்தலையே’ பாட்டைப் பாட வேண்டும் என்று எழுதி, கீழே என் பேரும் போட்டிருக்கிறேன். அதை மேடைக்குக் கொடுத்தனுப்பு.

நடந்ததை நடந்தபடி எழுது வடிவு. டாக்டர் தேறி வருகிறது என்கிறார். அண்ணன் முகம் தெளிந்துவிட்டது என்கிறான். எங்கள் வீட்டுக்காரர் அறுப்பு முடிந்ததும் கூட்டிப்போகிறேன் என்கிறார். எந்த அறுப்பு என்றுதான் சொல்லவில்லை. எல்லோருமாகச் சேர்ந்து என்னைச் சின்னப் பிள்ளையாக்கிவிட்டார்கள். “ஏட்டி, ஒன் மூஞ்சி காஞ்ச சருகாட்டும் ஆயிப்போச்சே” என்று நேருக்கு நேர் சொன்னவள் நீ மட்டும்தான். அன்று எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா?

உன்
பகவதி


திருவனந்தபுரம்,
14-11-1955

என் பகவதிக்கு வடிவு அநேக ஆசையுடன் எழுதுவது.

போய்விட்டு வந்தேன். மாமியாரையும் கூட்டிப்போனால்தான் உண்டு என்றார்கள் இவர்கள், எங்கள் வீட்டுக்காரர். சரி, அந்த அம்மாளையும் கட்டியிழுத்துக்கொண்டு போனேன். நல்ல மழை. அப்படியும் ஹால் நிறைந்துவிட்டது. பெண்கள் பக்கத்தில் முன்வரிசையிலேயே இடம் கிடைத்தது. சாலைக் கடைத்தெரு முதலாளிமார் எல்லோரும் எதிர்ப்பக்கம், நடுவில் இவர்கள்.

புலவர் எப்படி இருப்பார் என்று நாம் சண்டை போடுவோமே, நாம் இரண்டு பேருமே தோற்றோம். குள்ளம். ஒரு காது மந்தம் போலிருக்கிறது, ஆர்மோனியக்காரர் குனிந்து குனிந்து பேசுகிறார். சட்டை போடாமல் தோளில் ஒரு நேரியல் மட்டும் போட்டிருந்தார். குரல் மட்டும் நாம் மச்சில் நின்று கேட்ட அதே குரல். இந்த வயதில் அது எங்கிருந்து வருகிறதோ, எனக்குப் பெருமை தாங்கவில்லை.

உன் சீட்டைக் கொடுத்தனுப்பினேன். வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தார். உன் பேரை மைக்கிலேயே சொன்னார்! பிறகு பாடினார் பார், பல்லவியிலிருந்து கடைசிச் சரணம் வரை ஒரு சொல் சிந்தாமல். ஹாலே அசையவில்லை. முடிந்ததும் சீட்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். நான் அழுதேன், மாமியார்கூட மூக்கைச் சிந்தினாள். நீ பக்கத்தில் இல்லையே என்பதுதான் எனக்குக் குறை.

பிள்ளைக்குப் பல் முளைக்கிறது, ராவெல்லாம் சிணுங்கல். அது சரியானதும் வந்துவிடுவேன். வேளாவேளைக்கு மருந்து சாப்பிடு. நீ தேறிவிடுவாய் பகவதி. எனக்கு மனசு சொல்கிறது.

உன் பிரியமுள்ள
வடிவு


நாகர்கோவில்,
18-11-1955

வடிவாம்பாளுக்கு,

கடிதம் வந்தது. மூன்று தடவை படித்தேன்.

டாக்டர் அறையில் ஒரு ரேடியோ இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அவர் ஊருக்குப் போயிருந்தார். ஞானபாய் சிஸ்டர் அதைத் தூக்கிவந்து வார்டு வராந்தாவில் வைத்தார். திருவனந்தபுரம் ஸ்டேஷன்காரர்கள் கச்சேரியை அங்கிருந்தபடியே ஒலிபரப்பினார்கள். உனக்கு அது தெரிந்திருக்காது.

பல்லவி கேட்டேன். இரண்டாம் தடவையும் பல்லவி. மூன்றாம் தடவையும் அதுவே. அப்புறம் ஆர்மோனியம் மட்டும். யாரோ சிரித்தார்கள். அப்புறம் அவர் குரல், பாட்டாக இல்லை, பேச்சாக: “பகவதியம்மா, அடுத்த அடி என்னதும்மா? எனக்கு மறந்துபோச்சு.”

என்னைத்தான் கேட்டார் வடிவு. நான் எழுந்து உட்கார்ந்து, ‘எண்ணெய் தீர்ந்து போனாலும் என் கண் விழித்திருக்கும்’ என்று எடுத்தேன். இரண்டு சொல் வந்தது. மூன்றாவதாக ரத்தம் வந்தது. சிஸ்டர் திட்டிப் படுக்க வைத்தார். படுத்துக்கொண்டே ரேடியோவையே பார்த்தேன். நீ அங்கே இருக்கிறாய், முன்வரிசையில் இருப்பாய், நீ சொல்லிவிடுவாய் என்று நினைத்தேன். அவர் இன்னொரு தடவையும் கேட்டார். ஒரு சத்தமும் இல்லை. பிறகு ஸ்டேஷன்காரர்கள் ஏதோ வாத்தியத்தைப் போட்டுவிட்டார்கள்.

மழையில் நீ போயிருக்க மாட்டாய் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். போகவில்லை என்று எழுதியிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன். போனாய், முன்வரிசை என்றும் எழுதியிருக்கிறாய். கடைசியில் நான் தேறிவிடுவேன் என்றும் எழுதியிருக்கிறாய். நீயும் அவர்களோடு சேர்ந்துவிட்டாய்.

என்ன நடந்தது?

பகவதி


திருவனந்தபுரம்,
21-11-1955

பகவதி,

எப்படி ஆரம்பிக்க என்று தெரியவில்லை.

அவர் முதல் பாட்டிலேயே தடுமாறினார். ஆர்மோனியக்காரர் ஒவ்வொரு அடியாக எடுத்துக் கொடுத்து ஓட்டினார். உன் பாட்டு பழைய பாட்டு, அந்த மனிதருக்கும் தெரியவில்லை. மூன்று தடவை பல்லவியைப் பாடிவிட்டு, கடைத்தெருவில் வழிதவறிய பிள்ளை மாதிரி மிரண்டு பார்த்தார். சீட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உன் பேரைச் சொல்லிக் கேட்டார். கேட்டது பெண்கள் பக்கம் பார்த்து.

எனக்கு அடி தெரியும். நாக்கு நுனியில் நின்றது. நான் முன்னுக்கு நகர்ந்ததும் மாமியார் முழங்கையைப் பிடித்தாள். “சும்மா இரி. ஆம்பிளையோ எல்லாம் பாக்காவ” என்றாள். எதிரே இவர்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாலைக் கடைக்காரர்கள் அத்தனை பேருக்கும் முன்னால் வாயைத் திறந்தால் வீட்டுக்கு வந்து என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். சும்மா இருந்தேன். இரண்டாம் தடவை கேட்டபோது தலையைக் குனிந்துகொண்டேன்.

“இது நான் எழுதின பாட்டுதானா?” என்று ஆர்மோனியக்காரரிடம் கேட்டார். ஜனங்கள் எழுந்து குடையைத் தேட ஆரம்பித்துவிட்டார்கள். கைத்தாங்கலாக அவரை உள்ளே கொண்டுபோனார்கள்.

இதை உனக்கு எப்படி எழுத? நோயாளிக்கு வருத்தம் வேண்டாம் என்று மறைத்ததாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய். வெட்கத்தில்தான் மறைத்தேன். உனக்கு ரத்தம் வந்தது என்று படித்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. யார் என்ன சொன்னாலும் சரி, அடுத்த வாரம் வியாழக்கிழமை தம்பானூரில் முதல் பஸ் ஏறி வருகிறேன். வா என்று ஒரு வரி மட்டும் எழுது. திட்டுவதானால் நேரில் திட்டு.

உன்
வடிவு


நாகர்கோவில்,
23-11-1955

வடிவாம்பாளுக்கு,

நான் சொல்லச் சொல்ல ஞானபாய் சிஸ்டர் எழுதுகிறார்.

நீ உண்மையை எழுதிவிட்டாய். அதற்குப் பதிலாக நானும் ஓர் உண்மை சொல்கிறேன். நேற்று டாக்டரைப் பிடித்து நிறுத்திக் கேட்டேன். இரண்டு பக்கமும் போய்விட்டதாம். தைப்பொங்கலைப் பார்ப்பது சந்தேகம் என்றார். ராத்திரி எனக்குப் பயமாக இருக்கிறது. எழுதுகிற சிஸ்டரைத் தவிர இதை வேறு யாரிடமும் சொல்லவில்லை.

பொய் எழுதினாயே, அதை நேற்றே விட்டுவிட்டேன். உன் வீடு எனக்குத் தெரியாததில்லை. ஆனால் அங்கே உனக்கு மூச்சு இருந்தது வடிவு. ஒரு வரிக்குத் தேவையான மூச்சு நெஞ்சு நிறைய இருந்தது. அதை வைத்துக்கொண்டு நீ சும்மா உட்கார்ந்திருந்தாய். இங்கே கிடந்து அதை நினைத்தால் உன் முகத்தைப் பார்க்க எனக்கு முடியாது.

இந்தக் கோபம் ஆறாது என்று சொல்லவில்லை. நாலைந்து வருஷம் போனால் ஆறிவிடும். என்னிடம் அந்த வருஷங்கள் இல்லை.

வராதே.

பகவதி