கருப்பட்டி விலை

11.2.96
சுவரில் இருக்கும் படங்களைத் துடைத்து மாட்டினேன். மகள் வயிற்றுப் பேத்தி ராஜராஜேஸ்வரி, டாக்டருக்கு மூன்றாம் வருஷம், கழுத்தில் குழாயோடு நிற்கிறாள். அவள் தம்பி சிவசைலம், சதுரங்கத்தில் ஜில்லாவுக்கே முதல், கையில் கோப்பை. மகன் சங்கரின் பிள்ளை காந்திமதிநாதன், அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வேலை. பட்டம் வாங்கிய அன்று கறுப்புக் குல்லாவோடு எடுத்தது. அஞ்சாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவளின் சுவர் இது. யார் வந்தாலும் இடமிருந்து வலமாகச் சொல்லி முடித்துத்தான் காபி கொடுப்பேன்.

18.2.96
ஞாயிற்றுக்கிழமை, காந்தி போன் செய்தான். வீட்டிலேயே ஏதோ காய்ச்சுகிறானாம். முளைகட்டி வறுத்த பார்லியைக் கொதிக்கவிட்டு, கசப்புப் பூ ஒன்று போட்டு, ஆறினபின் மூடி வைப்பானாம். "வீரியமா வேணும்னா பார்லி ரெண்டு பங்கு போடணும் ஆச்சி. துட்டு எல்லாம் அதுலதான் போகுது. கொஞ்சம் பார்லிக்குப் பதிலா நீங்க கொடுத்துவிட்ட கருப்பட்டியப் போட்டேன். செலவும் கொறஞ்சுது, ருசியும் கூடிட்டு. அங்கன கிலோ என்ன வெலைன்னு கேட்டுச் சொல்லுங்க."
"அதுக்கு என்னலே பேரு?"
சிரித்தான். "மருந்து மாதிரிதான் ஆச்சி."
அரிஷ்டம்தான், வேறென்ன. என் அம்மா கைப்பக்குவம் எங்கே போகும்!

28.2.96
கருப்பட்டி டவுன் கடையில் இருபத்தாறு. வள்ளியூர்ச் சந்தையில் இருபத்திரண்டு. ஏரலில் இருபதுக்கே தருவார்களாம். ஞாயிற்றுக்கிழமை அவனிடம் சொல்ல வேண்டும்.

1.3.96
எழுதவே கை வரவில்லை.
விக்கிரமசிங்கபுரத்தில் அன்னத்தாய் மதினியின் பேத்திக்குக் கல்யாணம். பந்தியில் என் வாய் சும்மா இருந்ததா? பேரன் காய்ச்சுகிற பக்குவம், கருப்பட்டியால் செலவு குறைந்த கதை எல்லாவற்றையும் எட்டு இலைக்குக் கேட்கும்படி சொன்னேன். மாப்பிள்ளையின் சித்தப்பா மதுவிலக்குப் போலீஸ். சாம்பாரைப் பிசைந்துகொண்டே கேட்டார்.
"மூடி வச்சா நுரை தள்ளுமா ஆச்சி?"
"தள்ளுமாம்."
"அப்படின்னா அது பீரு. இத நீங்க இங்கன காய்ச்சினா நான்தான் வந்து பானைய ஒடைக்கணும். கருப்பட்டி வேற போட்டிருக்கான், ரெண்டு தம்ளர்ல ஆளச் சாய்ச்சிரும்."
பந்தியே சிரித்தது. "பேரு காந்தி, காய்ச்சுதது சாராயமா?" என்றாள் மதினி. பாயசம் வருமுன்னே இலையை மூடிவிட்டு எழுந்தேன்.

3.3.96
மணி அடித்ததும் நான்தான் எடுத்தேன். அவனுக்கு மூச்சு வாங்கியது.
"ஆச்சி, இங்க வீட்டுல காய்ச்சுதவங்களுக்கு வச்ச ஊர்ப் போட்டில அதுக்கு ரெண்டாம் பரிசு! எல்லாம் எங்க ஆச்சி கருப்பட்டிதான்னு சொன்னேன்."
"சாராயம் காய்ச்சுதவனுக்கு இங்கன ஆச்சி கெடையாது. வைலே போன!"
வைத்துவிட்டான்.
விலையைச் சொல்லவில்லை.

31.3.96
இந்த ஞாயிறும் மணி அடிக்கவில்லை.

18.4.96
"ஒயரு கியரு அறுந்துட்டோ?" என்று மருமகளிடம் கேட்டேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.
"செவ்வாய்க்கிழமை பண்ணுதான் அத்தை. நீங்க கோயிலுக்குப் போற நேரம் பாத்து."
"என்னயப் பத்தி எதுவும் கேட்டானா?"
"மூட்டுவலி எப்படி இருக்குன்னு ஒவ்வொரு தடவையும் கேக்குதான்."
ஐயோ, என் வாய் இருக்கே வாய். அதைத் தைத்துப் போட்டால் என்ன?

5.5.96
மூட்டுக்கு அரிஷ்டம் ரெண்டு கரண்டி குடித்தேன். பாட்டிலைத் திறந்ததும் அம்மாவின் ஜாடி ஞாபகம் வந்தது. திராட்சையும் வெல்லமும் போட்டு உமிக்குள் புதைத்து வைப்பாள். திறக்கிற அன்று நுரை பொங்கும். ஆளுக்கொரு கரண்டி வாங்கிக் குடித்துவிட்டு நாங்கள் ஒன்றுமில்லாததற்கெல்லாம் சிரிப்போம். அதை யார் சாராயம் என்றார்கள்?
இருந்தாலும் பீர் பீர்தான். நல்லது என்று எழுத எனக்கு மனசில்லை. ஆனால் நான் கோபப்பட்டது பீருக்கா? பந்தி சிரித்ததற்குத்தானே? பரிசு என்று முதலில் என்னிடம் சொல்ல ஓடிவந்த பிள்ளை அவன்...

16.6.96
அன்னத்தாய் மதினி வந்தாள். வழக்கம்போல இடமிருந்து சொல்லி வந்தேன். காந்தி படத்துக்கு வந்ததும் அவள் வாய் கோணியது.
"இவன் வீட்டுல காய்ச்சின பீருக்கு ஊர்ப் போட்டில ரெண்டாம் பரிசு. கருப்பட்டி நான் கொடுத்தது."
காபியை நீட்டினேன். மதினி தம்ளரை வாங்கிக் கீழே வைத்தாள்.
"காப்பிலயும் அதே கருப்பட்டிதான். பயப்படாம குடிங்க மதினி."

18.6.96
செவ்வாய்க்கிழமை. கோயிலுக்குப் போகவில்லை. மருமகளை அனுப்பிவிட்டுப் போன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.
"அம்மா" என்றான்.
"ஆச்சிலே."
அவன் போனை வைத்துவிடவில்லை. சொல்ல நினைத்து வைத்ததெல்லாம் மறந்துபோனது.
"ஏரல்ல கிலோ இருபது ரூவா" என்றேன்.
"இப்பம் காய்ச்சுதது இல்ல ஆச்சி. பாத்திரத்த எல்லாம் கொடுத்துட்டேன்."
சிவசைலத்தின் கோப்பைப் படத்துக்குப் பக்கத்தில் ஆணி அடித்து வைத்திருக்கிறேன் என்றேன். அந்தப் பரிசைக் கையில் வைத்துக்கொண்டு புதுசாக ஒரு படம் எடுத்துத் தபாலில் போடச் சொன்னேன்.