சம்பந்தியின் டாங்கிக்குச் சரியான குழல்

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம், அப்பாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முனகுகிறது, மற்றபடி குறையில்லை. அங்கே நீயும் மாப்பிள்ளையும் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறீர்கள் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன், அந்த நம்பிக்கையைக் கெடுத்துவிடாதே. இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். ஏன் கடிதம் என்பது போகப்போகத் தெரியும், கடைசிப் பக்கத்துக்குத் தாவாமல் வரிசையாகப் படி.

நீ இரண்டாவதாக அனுப்பிய பீரங்கிக் குழல் வளையாமல் நசுங்காமல் வந்து சேர்ந்தது. சம்பந்தியம்மா காலமானதிலிருந்து உன் மாமனார் வாயே திறப்பதில்லை, போன் அடித்தால் எடுப்பதில்லை, அவர் பிள்ளை இங்கே தூக்கமில்லாமல் புரள்கிறார் என்று நீ அழுதாயே, அன்றைக்கே உன் அப்பா முடிவு செய்துவிட்டார், சம்பந்தி பட்டாளத்தில் இருந்தபோது ஏறிய டாங்கியையே பொம்மையாகச் செய்து முன்னால் வைத்தால் மனிதர் பேசாமல் இருக்க முடியாது என்று. பொம்மை என்று நான்தான் எழுதுகிறேன், அப்பா காதில் விழுந்தால் மாடல் என்று திருத்துவார். அது பிரிட்டிஷ்காரர்கள் செய்த செஞ்சூரியனாம். பெட்டியில் வந்த பிளாஸ்டிக் குழல் இரண்டு பாதியாக இருந்தது, ஒட்டினால் நீளத்துக்கும் ஒரு கோடு தெரிகிறது, கோட்டைத் தேய்த்தால் உருண்டை முட்டையாகிவிடுகிறது. அதனால்தான் கடைசல் பிடித்த உலோகக் குழல் வேண்டும் என்று உன்னை அலையவிட்டார். நீ முதலில் அனுப்பியதைப் பார்த்ததும் முகம் விழுந்துவிட்டது. அது பின்னால் வந்த பெரிய பீரங்கியுடையதாம், நடுவில் ஒரு புடைப்பு இருக்கிறது, சுட்ட புகை உள்ளே திரும்பி வராமல் இருக்க வைத்த உருளையாம் அது. சம்பந்தி வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கும் போட்டோவில் குழல் ஒரே சீராக இருக்கிறது, புடைப்பே இல்லை, ஆகவே அது முந்தைய சின்ன பீரங்கி, இருபது பவுண்டர்தான் என்று வாதாடினார். என் தையல் மேசையில் பாதியைப் பிடித்துக்கொண்டு வெர்னியர் அளவுகோலை வைத்துக் குழல் வாயை அளக்கிறார், மாடல் அசலில் முப்பத்தைந்தில் ஒரு பங்காம், அப்படி வகுத்தால் பெரிய பீரங்கிக்கு மூன்று மில்லிமீட்டர் வருகிறது, இருபது பவுண்டருக்கு இரண்டரைகூட வராது என்கிறார். அரை மில்லிமீட்டரை யார் பார்க்கப்போகிறார்கள், தையலில் என்றால் உள்ளே பிடித்துவிடுவேன் என்றேன். "அந்த டாங்கிலயே இருந்தவர் பார்ப்பாரே" என்றார். அந்த மனிதரின் பிள்ளையை உனக்குப் பார்த்தபோதுகூட உன் அப்பா இத்தனை அலசவில்லை.

எப்படியோ போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனோம். கதவைத் தட்டித் தட்டிக் கை வலித்ததுதான் மிச்சம், கடைசியில் அப்பா பின்பக்கம் போய் ஜன்னல் வழியாகக் கையை ஆட்டிய பிறகு வந்து திறந்தார். ஆள் இளைத்திருக்கிறார், ஆனால் சட்டை துவைத்துத்தான் போட்டிருந்தார், பாத்திரமும் கழுவிக் கவிழ்த்திருந்தது, அந்த மட்டும் நிம்மதி. டாங்கியை மேசையில் வைத்ததும் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். அப்பா பரீட்சை எழுதிய பையன் மாதிரி பக்கத்தில் நின்றுகொண்டு குழல் சரியாக இருக்கிறதா என்று கேட்டார். பதில் இல்லை. மறுபடி கேட்டார், அதற்கும் இல்லை. உனக்குத்தான் தெரியுமே, கல்யாணப் பேச்சின்போதே நாம் ஒன்று கேட்டால் அவர் வேறொன்று சொல்வார், தலைக்கனம் என்று நம் வீட்டில் எல்லோரும் முடிவு கட்டியிருந்தோம். அப்பா சுற்றிவந்து முகத்துக்கு நேராக நின்று குழலைத் தொட்டுக்காட்டிக் கேட்ட பிறகுதான் சிரித்தார். "நான் உள்ள நின்னு குண்டு போட்டுக் குடுக்கிறவன், வாய் எப்படி இருந்துச்சுன்னு எதிர்ல நின்னவனைத்தான் கேக்கணும்" என்றார். அப்பாவின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். பாவம், சரியான குழலுக்காக எத்தனை நாள் தூக்கம் கெட்டவர். அப்புறம் அவரே இரக்கப்பட்டு, நடுவில் புடைப்பு இல்லாதது சரிதான், இருந்திருந்தால் அத்தனை புகையும் எங்கள் மூக்குக்குள் போயிருக்காதே என்றார். அப்பாவுக்கு உயிர் திரும்பியது.

ஆனால் சம்பந்தியின் விரல் குழல் பக்கமே போகவில்லை. மேலே இடது பக்கம் ஒரு சின்ன மூடி, அதை நகத்தால் நெம்பிக்கொண்டே இருந்தார். அது அவர் ஏறி இறங்கிய வழியாம். குழல் குழல் என்று கிடந்த உன் அப்பா அதை மூடி ஒட்டிவைத்திருக்கிறார். "இது திறக்காதா" என்று ஒரே ஒரு தடவை கேட்டார், எனக்கு என்னவோ போலாகிவிட்டது. பையிலிருந்து தையல் ஊசியை எடுத்துக் கொடுத்தேன், குனிந்து பசையைச் சுரண்ட ஆரம்பித்தார்.

அப்போதுதான் போன் அடித்தது. மாப்பிள்ளை அந்த ஞாயிறும் கூப்பிட்டாரா என்று கேட்டுப்பார், கூப்பிட்டிருப்பார். எடுக்கலாம் என்று எழுந்தவள் அவரைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டேன். கைக்கெட்டும் தூரத்தில் போன் அலறுகிறது குட்டிம்மா, அவர் தலைகூட நிமிரவில்லை, ஊசியால் சுரண்டிக்கொண்டிருக்கிறார். அப்பாவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அடித்து ஓய்ந்த பிறகு நான் எதிரில் உட்கார்ந்து, போன் அடித்ததே, கேட்கவில்லையா என்று நிதானமாகக் கேட்டேன். முதலில் மழுப்பினார். பிறகு ஊசியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். பீரங்கிக்குப் பக்கத்திலேயே நின்ற வலது காது பட்டாளத்திலேயே போய்விட்டதாம், இடது காதும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து, இப்போது வாயசைவைப் பார்த்தால்தான் பேச்சு புரிகிறதாம். "அவ இருந்தவரைக்கும் அவதான் கேட்டுட்டு என்னைப் பாத்துச் சொல்லுவா, நான் சொல்றதை அவனுக்குச் சொல்லுவா" என்றார். பிள்ளைக்குத் தெரிந்தால் வேலையை விட்டுவிட்டு வந்துவிடுவான் என்று இருவரும் மறைத்திருக்கிறார்கள். அவர் மகனைக் கோபித்துக்கொண்டு போனை எடுக்காமல் இல்லை. ஒரு நாள்கூட அவருக்கு அது கேட்கவில்லை. சொல்லிவிட்டு மறுபடி மூடியைத்தான் நெம்பினார்.

நான் மகளுக்கு எழுதத்தான் போகிறேன் என்று அவரிடமே சொல்லிவிட்டேன். வேண்டாம் என்று சொல்லவில்லை, மூக்கைச் சொறிந்துகொண்டார். இப்போது சாயங்காலம் ஆனால் நம் வீட்டுக்கு வருகிறார், நீ முதலில் அனுப்பிய புடைப்புக் குழல் வீணாகாமல் இன்னொரு டாங்கி செய்கிறார்கள், இந்தத் தடவை உள்ளே எது எங்கே என்று அவர் சொல்ல அப்பா செய்கிறார், இரண்டு பேரும் போடும் சத்தத்தில் என் மெஷின் ஓடுவதே கேட்பதில்லை. காது மருத்துவரிடமும் அடுத்த வாரம் அழைத்துப்போகிறோம், பெரிதாக எதிர்பார்க்காதே, ஆனாலும் போவோம்.

மாப்பிள்ளையிடம் பக்குவமாகச் சொல், போனில் சொன்னால் பாதி அழுகையில் போய்விடும் என்றுதான் கடிதமாக எழுதுகிறேன். குற்றம் என்று எதையும் மனதில் வைத்து மருக வேண்டாம், மறைத்தவர்கள் அவ்வளவு சாமர்த்தியசாலிகள். இனி போன் வேண்டாம், எழுதச் சொல். நீ எழுதி அவர் கையெழுத்துப் போடுகிற வேலை கூடாது, அவரே எழுதட்டும், எழுத்து பெரிதாக இருக்கட்டும். விசேஷமாக ஒன்றும் வேண்டாம், என்ன சாப்பிட்டார், எந்தச் சட்டை கிழிந்தது என்று எழுதினால் போதும். நீ தலைக்கு எண்ணெய் வை, குளிரில் வெறுங்காலோடு நடக்காதே. இருவரும் நீண்ட நாள் நிறைவாக, ஒருவர் சொல்வது ஒருவருக்குக் கேட்கும் தூரத்தில் வாழ வேண்டும், அதுதான் எங்கள் ஆசீர்வாதம்.

கடிதம் தாமதமாகக் கூடாது என்று மறக்காமல் சொல். நேற்று பகலில் சம்பந்தி வீட்டுத் தெரு வழியாகப் போனேன். வாசல் கதவை அகலத் திறந்துவைத்துவிட்டு எதிரிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார், தபால்காரர் தட்டினால் கேட்காதாம்.

உன் அம்மா